திருகோணமலையில் முதல் வீடு: எந்தப் பக்கம் வாங்குவது?

திருமலையில் வீடு வாங்கப் பார்க்கிறேன் என்று சொன்னால் போதும், லண்டனில் இருக்கும் பெரியம்மா மகனிலிருந்து சந்தியில் ஆட்டோ ஓட்டுகிறவர் வரை எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "கடல் பக்கமோ?" நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஒன்பது வருடம் வாடகை வீடு, மூன்று தடவை சாமான் ஏற்றி இறக்கி அலுத்துப்போய், ஓர் ஆகஸ்ட் மாதம் நிலாவெளி வீதியிலிருந்து உள்ளே போகிற ஓர் ஒழுங்கையில், பத்துப் பேர்ச் வளவோடு சின்ன வீடு ஒன்றைப் பார்த்து மயங்கிவிட்டேன். வேப்பமரம், காற்று, இரவில் அலைச் சத்தம். அட்வான்ஸ் கொடுக்க இருந்த கிழமை மாமாவுக்குச் சுகமில்லாமல் போனதால் விஷயம் தள்ளிப்போனது. டிசம்பரில் திரும்பப் போனால் ஒழுங்கையைக் காணவில்லை. முழங்காலளவு தண்ணீரில் ஒரு பொடியன் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான். "எப்ப தம்பி வடியும்?" என்று கேட்டேன். "தை பிறக்க வேணும் அண்ணா" என்றான், எனக்கு நேரம் சொல்கிற மாதிரி சாதாரணமாக.

அதற்குப் பிறகு நான் வீட்டைத் தேடவில்லை, தண்ணீரைத்தான் தேடினேன். மழைத் தண்ணீர் எங்கே நிற்கிறது, கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்கலாமா, கடல் தண்ணீர் எதுவரை வந்திருக்கிறது. இந்த மூன்றையும் விசாரித்து முடிக்கும்போது எந்தப் பகுதி என்ற கேள்வி முக்கால்வாசி தானாகவே தீர்ந்திருக்கும். மிச்சக் கால்வாசி காசு, பிள்ளையின் பாடசாலை, உறுதி. அதிலிருந்தே தொடங்குவோம்.

படி 1: வீட்டு விலையைத் தவிர மற்றக் காசை ஒதுக்குங்கள்

கையில் இருக்கிற காசையும் வங்கி தரப்போகிற காசையும் கூட்டி, அதுதான் வீட்டின் விலை என்று நினைத்துவிடுகிறோம். உறுதி எழுதும்போது முத்திரைத் தீர்வை இருக்கிறது: முதல் ஒரு லட்சத்துக்கு 3 வீதம், மிகுதிக்கு 4 வீதம். 90 லட்சத்துக்கு ஒரு வீடு என்றால் 3,000 ரூபாவும், மிச்ச 89 லட்சத்துக்கு 3,56,000 ரூபாவும், மொத்தம் 3,59,000. இதற்கு மேல் நொத்தாரிசின் கூலி, நில அளவையாளர், வங்கியின் மதிப்பீட்டாளர், பிறகு குடிபோகிற செலவு. திருமலை வீடு என்றால் நான் இன்னொன்றையும் சேர்ப்பேன்: வளவுக்கு மண் போட்டு உயர்த்துகிற காசு. அது டிராக்டர் கணக்கில் வரும், நினைப்பதைவிடக் கூட வரும்.

படி 2: பாடசாலையை முன்கூட்டியே யோசியுங்கள்

பிள்ளை இப்போதுதான் தவழுகிறது, அதற்குள் என்ன அவசரம் என்று கேட்பீர்கள். தரம் 1 அனுமதியில் அருகில் வசிப்போர் என்ற வகையில் விண்ணப்பித்தால் புள்ளிகள் வீட்டின் உரிமைப் பத்திரம், வாக்காளர் இடாப்பில் பெயர் இருக்கிற வருடங்கள், பாடசாலைக்குக் கிட்ட இருப்பது ஆகியவற்றுக்குத்தான். இடாப்பில் ஐந்து வருடக் கணக்கைப் பார்ப்பார்கள். உங்கள் வீட்டுக்கும் நீங்கள் கேட்கிற பாடசாலைக்கும் இடையில் பிள்ளையைச் சேர்க்கக்கூடிய வேறு பாடசாலை இருந்தால் ஒவ்வொன்றுக்கும் புள்ளி கழியும். ஆகவே இந்துக் கல்லூரி, சண்முகா, சென் ஜோசப், சென் மேரிஸ் என்று மனதில் ஒரு பெயர் இருந்தால் பிள்ளை பிறக்கும் முன்பே அந்தச் சுற்றுக்குள் வாங்கியிருக்க வேண்டும். நாலு வயதில் ஓடித் திரிந்து பயனில்லை.

பாடசாலை ஒரு பிரச்சினையே இல்லை, பக்கத்துப் பள்ளிக்கூடம் போதும் என்கிறவர்களுக்கு நகரத்தைவிட்டு வெளியே நல்ல வளவு கிடைக்கும். அவர்கள் பாக்கியசாலிகள்.

படி 3: ஊரைத் துண்டு துண்டாகப் பாருங்கள்

நகரத்தின் நடுப் பகுதியைப் பாருங்கள், ஒரு பக்கம் திறந்த கடல், மறுபக்கம் உட்துறைமுகம், இடையில் ஒரு கழுத்து மாதிரி நிலம். டைக் வீதி, மத்திய வீதி, வித்தியாலயம் வீதி, ஏகாம்பரம் வீதி எல்லாம் இதைச் சுற்றித்தான். இங்கே வீடு கிடைத்தால் சந்தை, ஆஸ்பத்திரி, பஸ் நிலையம், கோயில் எல்லாம் நடை தூரம். ஆனால் பழைய வீடுகள், பக்கத்து வீட்டோடு ஒட்டின சுவர், ஒரு சைக்கிள் நிறுத்தவே இடமில்லை, உறுதியைத் திறந்தால் ஏழு பேருக்குப் பங்கு. சிவராத்திரிக்குப் பிறகு கோணேசர் நகர்வலம் வரும் நாட்களில் வாசலில் நிறைகுடம் வைத்து நிற்கிற சந்தோஷம் வேறு எங்கும் கிடைக்காது, அது வேறு விஷயம். வீட்டு முன்னால் பூச்செடி வளர்க்கும் ஆசை இருந்தால் மட்டும் மறந்துவிடுங்கள், புள்ளிமான்கள் காலை விடியும் முன் வந்து துப்புரவாக மேய்ந்துவிட்டுப் போகும்.

உவர்மலை மேட்டு நிலம், அரச அலுவலகங்களும் விடுதிகளும் நிறைந்த பக்கம். வெள்ளக் கவலை குறைவு, காற்று உண்டு. அங்கே விற்பனைக்கு வருவது அரிது, வந்தாலும் வெளியே தெரியும் முன் கைமாறிவிடும். ஆராவது சொன்னால் அன்றைக்கே போய்ப் பாருங்கள்.

மனையாவெளி, வில்லூன்றி, பெருந்தெரு, லிங்கநகர், மட்டிக்களி என்று நகரத்தை ஒட்டிய பகுதிகளில் ஒரே பெயருக்குள் மேடும் இருக்கும், பள்ளமும் இருக்கும். இங்கே பகுதியின் பெயரைக் கேட்டு முடிவெடுக்காதீர்கள், ஒழுங்கையைப் பாருங்கள். களப்பு ஓரம் என்றால் இரண்டு மடங்கு கவனம்.

மேற்கே உள்ளே போனால் பாலையூற்று, அன்புவழிபுரம், வரோதயநகர், அப்படியே கன்னியா வீதி. சம்பளத்தில் வாழுகிற இளம் குடும்பங்கள் பெரும்பாலும் இந்தப் பக்கம்தான் வருகின்றன, நானும் கடைசியில் இங்கேதான் வந்தேன். கடலில்லை. ஆனால் மோட்டார் சைக்கிளில் பத்துப் பதினைந்து நிமிடத்தில் கடற்கரை. உண்மையைச் சொல்லுங்கள், இப்போது ஊருக்குள் இருக்கும்போது மாதத்தில் எத்தனை நாள் கடற்கரைக்குப் போகிறீர்கள்?

உப்புவெளி, அலஸ்தோட்டம் பக்கம் விலையைத் தீர்மானிப்பது உங்கள் சம்பளம் அல்ல, வெளிநாட்டுக் காசும் விடுதிக்காரரும்தான். மே முதல் செப்டம்பர் வரை வெள்ளைக்காரர், பாட்டு, ஆட்டோ வரிசை. மாரி வந்தால் பாதிக் கதவு பூட்டு. விடுதி நடத்துகிற எண்ணம் இருந்தால் அது தொழில், அதற்கு வேறு கணக்கு. குடும்பத்தோடு தூங்கி எழும்ப என்றால் பிரதான வீதியிலிருந்து நிலப்பக்கம் உள்ளே பாருங்கள்.

சாம்பல்தீவு, நிலாவெளி இன்னும் வடக்கே. வளவு தாராளம், தென்னை நிற்கும், கோணேசபுரியில் பல்கலைக்கழக வளாகம் இருப்பதால் வாடகைக்கும் ஆள் வரும். நகரத்தில் வேலை என்றால் தினமும் போய்வருகிற பெற்றோல் காசையும், இரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு நேரம் என்பதையும் எழுதிப் பாருங்கள். நிலாவெளி நிர்வாகத்தில் குச்சவெளிப் பிரதேசம், உங்கள் அலுவல்கள் அங்கே போகும்.

சீனக்குடாப் பக்கம் வேலை இருக்கிறது, மா ஆலை, விமானப்படைத் தளம், எண்ணெய்க் குதங்கள். ஆனால் உட்துறைமுகத்தைச் சுற்றித் துறைமுக அதிகார சபைக்குச் சொந்தமான காணி பரந்து கிடக்கிறது. தலைமுறையாகக் குடியிருக்கிறோம் என்று விற்கிறவர் சொல்வது உண்மையாகவே இருக்கும், ஆனால் குடியிருப்பதும் உறுதி இருப்பதும் ஒன்றல்ல. கிண்ணியாவுக்கு 2009இல் பாலம் வந்த பிறகு பாதைப் படகுக்குக் காத்துக்கிடக்கிற காலம் போய்விட்டது, அங்கே சொந்தபந்தம் இருக்கிறவர்கள் தாராளமாக அந்தப் பக்கமும் பார்க்கலாம். மகாவலி வந்து கடலில் விழுகிற பக்கம் அது, வெள்ளம் பற்றி ஒரு கேள்வி கூடக் கேளுங்கள்.

இடையில் ஒன்று. புரோக்கர்மார் எல்லாரும் வருங்காலத்தை விற்பார்கள். "இந்த றோட்டால ஹைவே வருது", "கப்பல் வருது", "இன்னும் ரெண்டு வருசத்தில சிங்கப்பூர்." சம்பூரில் அனல் மின்நிலையம் வருகிறது என்று வருடக்கணக்காகப் பேசினார்கள், 2016இல் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. வருவது வந்த பிறகு வரட்டும். இன்றைக்கு இருக்கிற றோட்டுக்கு மட்டும் காசு கொடுங்கள்.

படி 4: மாரியில் போங்கள், கிணற்றில் அள்ளுங்கள்

இந்த ஊருக்கு மழை ஒக்டோபரில் தொடங்கி ஜனவரி வரை. விற்கிறவர்கள் வீடு காட்ட விரும்புவது மற்ற எட்டு மாதத்தில். ஒரு நாள் விடாமல் பெய்த மழைக்கு அடுத்த நாள் காலை, குடையோடு நடந்து போங்கள், வாகனத்தில் போகாதீர்கள். எங்கே தேங்குகிறது என்பதைவிட, எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். பக்கத்து வளவுக்காரர் போன வருடம் மண் போட்டு உயர்த்தி மதிலும் கட்டியிருந்தால் அவர் வளவுத் தண்ணீர் முழுக்க இப்போது உங்கள் முற்றத்துக்குத்தான்.

கோடையில்தான் பார்க்க முடிகிறது என்றால் சுவர் சொல்லும். மதிலின் வெளிப்பக்கத்தில் ஒரு சாண், ஒரு முழம் உயரத்தில் ஒரே மட்டமாகப் பழுப்புக் கோடு ஓடும், புதுப் பெயின்ற் அடித்திருந்தால் பக்கத்து வீட்டு மதிலைப் பாருங்கள், அவர் அடித்திருக்க மாட்டார். வீட்டுக்குள்ளே ப்ளக் பொயின்ற்களை எல்லாம் இடுப்புக்கு மேலே உயர்த்தி வைத்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். கதவு நிலைகளின் அடிப்பாகம் உக்கியிருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பாருங்கள்.

அப்புறம் கிணறு. நான் ஒரு வீட்டில் எல்லாம் பிடித்துப்போய் நிற்கும்போது பக்கத்து வீட்டு அம்மா தேத்தண்ணி தந்தார். பால் தேத்தண்ணி, சீனி தாராளம், ஆனால் தொண்டையில் ஒரு கரகரப்பு. "கிணத்துத் தண்ணியோ அம்மா?" என்றேன். "ஓம் மகன், ஆடி ஆவணியில கொஞ்சம் உவர்தான், பழகிப்போச்சு" என்றார். அடுப்பில் இருந்த கேத்திலை எட்டிப் பார்த்தேன், உள்ளே சுண்ணாம்பு பூசினது போல வெள்ளைப் படை. கடற்கரைப் பக்கத்து மணலில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிசாக மிதந்துகொண்டு நிற்கிறது. மோட்டர் போட்டு அதிகம் இழுத்தால் கீழே இருக்கிற உப்பு மேலே வந்துவிடும். பக்கத்தில் விடுதி ஒன்று வந்து இரவு பகலாக இழுத்தால் உங்கள் கிணறும் சேர்ந்து கெடும். கிணற்றை மழைக்குப் பிறகு ருசி பார்க்காதீர்கள், ஓகஸ்டில் பாருங்கள். வீட்டை மாரியில், கிணற்றைக் கோடையில். வாளியில் அள்ளி, கையில் சவுக்காரம் போட்டு நுரை வருகிறதா என்று பார்த்தாலே பாதி தெரியும்.

இன்னொரு கணக்கு இருக்கிறது, இதை யாரும் சொல்வதில்லை. கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையில் 50 அடியாவது இருக்க வேண்டும் என்பார்கள். பத்துப் பேர்ச் என்பது 2,722 சதுர அடி, சதுரமாக வைத்தால் பக்கம் 52 அடி. அதற்குள் வீடும் வேண்டும். உங்கள் குழியை ஒரு மூலையிலும் கிணற்றை எதிர் மூலையிலும் வைத்தாலும், அந்த எதிர் மூலைக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக்காரரின் குழி இருக்கும். சின்னச் சின்னத் துண்டாக்கி விற்ற புது வளவுகளில் கிணற்றுத் தண்ணீர் தோட்டத்துக்கும் துவைக்கவும் மட்டும் என்றுதான் நினைக்க வேண்டும், ஆகவே குழாய்த் தண்ணீர் கட்டாயம். "லைன் வந்திட்டுது" என்பது பேச்சு. பக்கத்து வீட்டில் மீற்றரைக் காட்டச் சொல்லி, எத்தனை மணிக்குத் தண்ணீர் வருகிறது, மேல் தொட்டிக்கு ஏறுகிறதா என்று கேளுங்கள்.

படி 5: கடல் என்ன செய்யும் என்று கேளுங்கள்

2004 டிசம்பர் 26 அன்று அலை எதுவரை வந்தது? கரையோரத்தில் எந்த ஒழுங்கையிலும் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஒருவரிடம் கேளுங்கள், கையால் காட்டுவார், அந்தப் புளியமரம், அந்தக் கோயில் படி என்று இடம் சொல்வார். அதைக் கேட்டுப் பயந்து ஓட வேண்டும் என்றில்லை. எத்தனையோ பேர் அதே இடத்தில் திரும்பக் கட்டி வாழ்கிறார்கள். ஆனால் தெரிந்துகொண்டு வாங்குங்கள், மேட்டுக்கு ஓட வழி எது என்றும் பார்த்து வையுங்கள்.

சட்டமும் இருக்கிறது. 1981ஆம் ஆண்டின் கரையோரம் பேணல் சட்டப்படி உயர்நீர்க் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் கட்டவோ பெருப்பிக்கவோ கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். வீடு ஏற்கெனவே நிற்கிறது என்பதற்காக அனுமதியோடு நிற்கிறது என்று அர்த்தமில்லை, பத்திரத்தைக் கேளுங்கள்.

புயலுக்கு வந்தால், 1964 டிசம்பர்ப் புயலை இன்றைக்கும் பழைய ஆட்கள் வருடக் கணக்குக்கு வைத்திருக்கிறார்கள், 2020 டிசம்பரில் புரெவி இதே மாவட்டக் கரையில்தான் ஏறியது. கூரையின் கைமரங்களும் சீற் கட்டியிருக்கிற விதமும் பார்க்க ஒரு மேசன் பாஸைக் கூட்டிக்கொண்டு போங்கள், அரை நாள் கூலிதான்.

தினசரி எதிரி உப்புக் காற்று. கடலுக்குக் கிட்ட இருக்கிற வீட்டில் ஜன்னல் கம்பி, கேற் பிணைச்சல், குளிர்சாதனப் பெட்டியின் பின்பக்கம் எல்லாவற்றையும் பாருங்கள். பிளேற்றுக்கு அடியில் கொங்கிறீற் உதிர்ந்து கம்பி தெரிந்தால் அது சின்னத் திருத்தம் இல்லை. கடல் மணலைக் கலந்து பூசின சுவரில் உப்புப் பூக்கும்; விரலால் தடவி நாக்கில் வையுங்கள், வெட்கப்பட வேண்டாம். கடலைவிட்டு உள்ளே தள்ளிய பக்கம் வேறு தலையிடி: மே முதல் ஆகஸ்ட் வரை கச்சான் காற்று அடிக்கும்போது மேற்குச் சுவர் மாலை வரை அடுப்பு மாதிரி கொதிக்கும். மேற்கே ஒரு மரம் நின்றால் விலையில் அதற்கும் ஒரு மதிப்புப் போடுவேன் நான்.

படி 6: ஒழுங்கையோடு பழகுங்கள்

இரவு எட்டு மணிக்கு ஒரு தடவை, ஞாயிறு காலை ஒரு தடவை. எத்தனை வீட்டில் வெளிச்சம் எரிகிறது என்று எண்ணுங்கள். இந்த ஊரில் அழகான வீடுகள் பல பூட்டியே கிடக்கின்றன, ஆட்கள் கனடாவில். பத்து வீட்டில் ஏழு பூட்டு என்றால் கள்ளனுக்கும் பாம்புக்கும் வசதி, அவசரத்துக்குக் கூப்பிட ஆள் இல்லை. சந்திக் கடையில் ஒரு சோடா வாங்கிக் குடித்துக்கொண்டு நின்றால் அந்த ஒழுங்கையின் வழக்கு, சண்டை எல்லாம் தானாக வரும். கிராம சேவகரையும் கட்டாயம் சந்தியுங்கள், அந்தக் காணியில் பிணக்கு ஏதும் இருந்தால் அவர் காதுக்குத்தான் முதலில் போயிருக்கும்.

ஒழுங்கையின் அகலத்தையும் பாருங்கள். மலக்குழி நிறைந்தால் கலி பவுசர் வர வேண்டும், அதன் குழாய் எட்டுகிற தூரத்தில் அது நிற்க வேண்டும். வராது என்றால் பிறகு படுகிற பாட்டை நான் இங்கே எழுத விரும்பவில்லை.

படி 7: உறுதியைத் திறவுங்கள்

பகுதி பிடித்து, வீடும் பிடித்த பிறகுதான் இது. ஆனால் பகுதியையே மாற்ற வைக்கிற படி இதுதான்.

முதல் கேள்வி: உறுதிக் காணியா, பெர்மிட் காணியா? நகரத்தைச் சுற்றிய குடியேற்றப் பகுதிகளில் நிறைய வீடுகள் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த அனுமதிப்பத்திரத்திலோ அளிப்புப் பத்திரத்திலோ நிற்கின்றன. பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் அவற்றை விற்க முடியாது. சத்தியக்கடதாசி எழுதி, சாட்சி வைத்து, காசைக் கொடுத்துக் கைமாற்றுகிறார்கள், எல்லாரும் அப்படித்தான் என்பார்கள். விலை குறைவாக இருப்பதற்குக் காரணமே அதுதான். வங்கி அதன் மேல் வீட்டுக்கடன் தராது, நாளைக்கு விற்றவரின் மகன் வந்து நின்றால் உங்கள் கையில் ஒரு தாள் மட்டும்தான்.

உறுதி என்றால் காணிப் பதிவகத்தில் குறைந்தது 30 வருடத்துக்குத் தோம்பு, அதாவது காணி கைமாறி வந்த பதிவு, பார்க்க வேண்டும். உங்கள் சொந்த நொத்தாரிசைக் கொண்டு பாருங்கள், விற்கிறவர் கூட்டிவருகிறவரைக் கொண்டு அல்ல. ஈடு இருக்கிறதா, வழக்கு இருக்கிறதா, முழுக் காணியா பிரிபடாத பங்கா என்பது அதில் தெரியும். பிரிபடாத பங்கை முதல் வீட்டுக்கு வாங்காதீர்கள், எவ்வளவு மலிவாக இருந்தாலும்.

இந்த மாவட்டத்தில் இன்னொரு முடிச்சு. 1983க்கும் 2009க்கும் இடையில் எத்தனையோ குடும்பங்கள் காணியை விட்டு ஓடினார்கள், சிலர் திரும்பி வந்தார்கள், சிலர் வரவில்லை, வேறு ஆட்கள் வந்து இருந்தார்கள். பத்து வருடம் தடையில்லாமல் ஆண்டால் ஆட்சியுரிமை கோரலாம் என்பது பொதுச் சட்டம். இடம்பெயர்ந்ததால் அந்தப் பத்து வருடத்துக்குள் வழக்குப் போட முடியாமல் போனவர்களுக்காக 2016இல் ஒரு விசேட சட்டம் வந்தது, அதன் கீழ் வழக்குப் போடக் கொடுத்த கெடுவும் இரண்டு வருடமாகத்தான் இருந்தது. ஆகவே உறுதியில் இருக்கிற பெயரும் வீட்டில் இருக்கிற ஆளும் வேறு வேறாக இருந்தால் நின்று விசாரியுங்கள். வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரருக்காக அற்றோணி (அவருக்குப் பதிலாகக் கையெழுத்து வைக்கிற அதிகாரப் பத்திரம்) வைத்திருப்பவர் விற்கிறார் என்றால், அந்தச் சொந்தக்காரரோடு வீடியோவில் நேரே பேசுங்கள். உயிரோடு இருக்கிறாரா என்று பார்ப்பதும் அதில் அடக்கம், ஏனென்றால் அவர் இறந்திருந்தால் அற்றோணி செல்லாது.

பிறகு நில அளவைப் படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அளவையாளரோடு வளவைச் சுற்றி நடவுங்கள், எல்லைக் கல் ஒவ்வொன்றாக. காட்டோரம், குளக்கரை, பழைய இடிபாடு பக்கத்தில் என்றால் வன இலாகாவும் தொல்லியல் திணைக்களமும் ஏதும் எல்லை போட்டிருக்கிறதா என்று பிரதேச செயலகத்தில் எழுத்தில் கேளுங்கள். சபையில் வீதிக்கோட்டுச் சான்றிதழ், கட்டட அனுமதிப் படம், சோலை வரி நிலுவை.

படி 8: அட்வான்ஸ் கொடுக்கும் முன்

வெறும் பற்றுச்சீட்டில் காசு கொடுக்காதீர்கள், நொத்தாரிசு முன்னால் உடன்படிக்கை எழுதுங்கள். வங்கி கடன் தர மறுத்தால் அட்வான்ஸ் திரும்ப வரும் என்று ஒரு வரி. எந்தத் திகதிக்குள் வீட்டைக் காலி செய்து தருவார் என்று ஒரு வரி. கரண்ட், தண்ணீர் பில் நிலுவை யார் கட்டுவது, மீற்றர் பெயர் மாற்றத்துக்கு யார் கையெழுத்து வைப்பது என்று இன்னொன்று.

நான் வாங்கிய வளவில் மழைத் தண்ணீர் பின் மதிலில் ஒரு ஓட்டை வழியாகப் பின்வளவுக்குப் போய், அங்கிருந்து வாய்க்காலுக்குப் போகும். விற்றவரும் பின்வளவுக்காரரும் மச்சான் மச்சான், அதனால் இருபது வருடம் பேச்சில்லாமல் ஓடியிருக்கிறது. நான் அவருக்கு யாரோ. உறுதி எழுதும் முன் அவர் வீட்டுக்கு வாழைப்பழச் சீப்போடு போய் உட்கார்ந்து, அந்தத் தண்ணீர் போகிற வழியைப் படத்தில் கோடு போட்டு, அவரிடமும் கையெழுத்து வாங்கி நொத்தாரிசிடம் கொடுத்து முறைப்படி எழுதிப் பதிவு செய்தேன். நொத்தாரிசு ஐயா கண்ணாடிக்கு மேலால் பார்த்து, "ஒரு ஓட்டைக்கோ தம்பி இவ்வளவு?" என்று கேட்டார். அந்த வருடம் கார்த்திகையில் மூன்று நாள் விடாமல் பெய்தது. பின்வளவுக்காரர் தன் மகளுக்கு அறை கட்ட அந்த மதில் ஓரமாகத்தான் அத்திவாரம் வெட்டியிருந்தார். ஓட்டை இருந்த இடத்தில் மட்டும் ஒரு பைப் போட்டு விட்டிருந்தார்.